வேலூர் – ஆம்பூர் சாலையில் ஒரு கயிறும் ஒரு பிரேக்கும்

வேலூரிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டால், ஊர்களுக்கெல்லாம் ஒரே முகம்தான். ஒரு பக்கம் பெரும்பாலும் மணலாகவே தெரிகிற பாலாறு. தூரத்தில் மலைத் தொடர். நடுநடுவே தென்னந்தோப்புகளும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கு சொல்லிவிடும், ஆம்பூர் பக்கம் வந்துவிட்டோம் என்று!

காலை ஏழு மணி வாக்கில் இந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். ஷூ ஃபாக்டரி பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே முழுக்கப் பெண்கள். தலையில் பூ, மடியில் சாப்பாட்டுப் பை. ஐரோப்பாவில் யாரோ மாட்டிக்கொண்டு நடக்கிற ஷூவுக்கு மேல்தோல் தைப்பது இவர்கள்தான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே சமயம் பாலாற்றுத் தண்ணீரைக் கெடுத்ததும் இதே தொழில்தான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊற வைத்தார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. கழிவு நீரால் கிணறுகள் பாழாகின்றன என்று வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் 'கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகே கழிவு நீர்ச் சுத்திகரிப்பு இங்கே கண்டிப்பாயிற்று.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் குழந்தைகளுக்கு ஷூ வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் வேலூரிலிருந்து கிளம்பினோம். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் ஓரகத்தியும் கூட வந்தாள். மாமியாருக்குப் பள்ளிகொண்டாவில் பள்ளிகொண்ட ரங்கநாதரைச் சேவிக்க ஆசை. அதை முடித்துக்கொண்டு மாதனூரையும் தாண்டினோம். திடீரென்று எஞ்சின் அணைந்துவிட்டது. இவர் வண்டியை மெல்ல ஓரம் கட்டினார். என்ன திருகியும் உயிர் வரவில்லை.

உதவிக்கு வந்த கயிறு

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இரக்கம் அதிகம். ஐந்து நிமிஷத்தில் ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஆம்பூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே சார்! என்கிட்ட இரும்பு ரோப்பு இருக்கு. கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். அம்மாவெல்லாம் உள்ளேயே உக்காரட்டும்" என்றார்.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "வெயில்லே குழந்தைகளை எதுக்கு நிக்க வைக்கணும்? ஏறுங்கடி" என்றார். ஓரகத்தி மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இழுக்கறது சரி. லாரி பிரேக் போட்டா நம்ம காரை நிறுத்தறது யாரு?" என்றாள்.

ஆம்பூரில் இவருடைய சிநேகிதர் ஒருவருக்குப் போன் செய்தோம். அவர் அனுப்பி வைத்த மெக்கானிக் பாய் ஒரு பழைய ஜீப்பில் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தவர், "டைமிங் பெல்ட் போயிடுச்சு சார். இங்கே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். லாரிக்காரர் நீட்டிய இரும்புக் கயிற்றைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"கயிறு இழுக்கத்தான் செய்யும்மா, நிறுத்தாது. அதுவும் இது இரும்பு. கொஞ்சங்கூட நீளாது. ஒரு வெட்டு வெட்டினா கொக்கியே பிடுங்கிட்டு வரும். அறுந்தா கண்ணாடியிலே வந்து அடிக்கும்."

காரை இழுப்பதற்கென்றே விற்கும் நைலான் பட்டை கொஞ்சம் நீண்டு கொடுக்குமாம். அதனால் வெட்டு குறையும். வாங்கும்போது நம் காரின் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தாங்குமா என்று அதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அதைப் பம்பரில் கட்டக் கூடாது. காரோடு தருகிற கருவிப் பையில் திருகு மறை உள்ள ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியை எடுத்துவிட்டு அதை முழுக்கத் திருகி, அதில்தான் மாட்ட வேண்டும். சில கார்களில் இந்த மறை இடப்பக்கமாகச் சுற்றும்!

பிரேக் ஏன் கல்லாகிறது?

எனக்குப் புரியாத ஒன்றைப் பாயிடம் கேட்டேன். "எஞ்சின் நின்னா என்ன? பிரேக் இருக்கத்தானே செய்யும்?"

"இருக்கும்மா. ஆனா கல்லு மாதிரி இருக்கும்."

நாம் காலால் லேசாக அழுத்தும்போது, எஞ்சின் தரும் வாக்குவம்தான் அந்த அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. எஞ்சின் நின்றபின் ஒன்றிரண்டு தடவை அழுத்துகிற வரைதான் அந்தச் சேமிப்பு. அப்புறம் பெடல் இறுகிவிடும். முழு பலத்தையும் போட்டு மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஸ்டியரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அதனால் இழுபடும் காரில் ஓட்டத் தெரிந்தவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். 2017-ஆம் வருஷத்து மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளும் அதையேதான் சொல்கின்றன. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

மேம்பாலத்தில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது கயிறு தொய்ந்து, பின்னால் உள்ள கார் முன்வண்டியின் மேல் போய் முட்டப் பார்க்கும். மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "மாட்டு வண்டியும் அப்படித்தானே! இறக்கத்திலே வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடி இருக்கறதாலே மாடு பின்வாங்கித் தாங்கிக்கும். வெறும் கயித்திலே கட்டினா தாங்குமா?" என்றார். பாய் சிரித்துவிட்டார். "பெரியம்மா கரெக்டா சொல்லிட்டாங்க! அதுக்குத்தான் இது" என்று ஜீப்பிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்தார். டோ பார் என்கிறார்கள். கம்பி தொய்யாது. ஆகவே பின்வண்டி வந்து முட்டாது. ஆனாலும் பின்னால் பிரேக் போட ஓர் ஆள் வேண்டியதுதான்.

எங்களுடையது கையால் கியர் போடுகிற கார். நியூட்ரலில் வைத்து இழுக்கலாம். ஆட்டோமேடிக் கியர் காரை அப்படி நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கக் கூடாதாம். எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் உலர்ந்து தேயும். மின்சாரக் காரும் அப்படியே. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும். இவற்றையெல்லாம் ரெக்கவரி லாரியில் முழுதாக ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

அமெரிக்காவில் ஆளில்லாத கார்

ஓரகத்தி சொன்ன விஷயம்தான் வேடிக்கை. அங்கே சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள், கடை கண்ணிக்குப் போய் வர ஒரு சின்னக் காரையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போவார்களாம். அந்தக் காரில் யாருமே இருக்க மாட்டார்கள்!

"பிரேக்?" என்றேன்.

"அதுக்குத்தான் முதல்லே செலவு பண்ணணும் அக்கா" என்றாள். ஓட்டுநர் இடத்தில் ஒரு பெட்டியை வைப்பார்களாம். முன்வண்டி வேகம் குறைகிற அளவுக்கு அது பெடலை அழுத்தும். வேண்டும்போது எடுத்து வேறு காரில் வைக்கலாம். இன்னொரு வகை, காரின் பிரேக்கோடு நிரந்தரமாகவே இணைத்துவிடுவது. விலை கூட, ஆனால் ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழற்றும் வேலை இல்லை. எதை வாங்கினாலும் கூடவே ஒரு சின்னக் கம்பி வேண்டும். காரே கழன்றுகொண்டால் அந்தக் கம்பி இழுபட்டு, காரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். டோ பாருக்குத் துணையாக இரண்டு சங்கிலிகள், பின்விளக்கு எரிய ஒரு ஒயர், இவையும் சேர்ந்தால்தான் முழு செட்டாம்.

"பெரிய வண்டியாச்சே, அதோட பிரேக்கே போதாதா?" என்றார் இவர்.

"அந்த பிரேக் அந்த வண்டியோட எடைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. ஒரு காரையும் சேர்த்தா பத்தாது" என்றாள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், விஷயம் விளங்கிவிடும்.

நாங்கள் பெண்களும் குழந்தைகளும் பஸ் ஏறி ஆம்பூர் போனோம். இவர் ஜீப்பில் உட்கார்ந்தார். பாயின் உதவியாள் ஜீப்பை ஓட்ட, பாயே எங்கள் காரில் ஏறினார். ஏறுமுன் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டார். "கல்லு பிரேக்கை மிதிக்கும்போது செருப்பு வழுக்கும்மா" என்றார். தோல் ஊர்க்காரர் அல்லவா, காலணியின் அருமை தெரிந்தவர்!

அரை மணிக்கு மேல் ஆயிற்று அவர்கள் வந்து சேர. சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் காத்திருந்தன. குழந்தைகளுக்கு ஷூவும் வாங்கியாயிற்று.

காரில் வெளியூர் போகும் சகோதரிகளுக்கு

1. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033-க்குப் போன் செய்யுங்கள். சுங்கச் சாவடிகளில் கிரேனும் ஆம்புலன்சும் வைத்திருப்பார்கள்.

2. மினுக்கு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

3. குழந்தைகளையும் பெரியவர்களையும் சாலையில்லாத பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிழலில் உட்கார வையுங்கள். குடிநீர் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

4. இழுபடும் காரில் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. குழந்தை தூங்கினாலும் சரி, எழுப்பி இறக்கிவிடுங்கள்.

5. உங்கள் கார் ஆட்டோமேடிக்கா, இழுக்கும் வளையம் எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்புமுன் தெரிந்துகொள்ளுங்கள். காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

கயிறு கொடுக்க வருகிறவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் கட்டுவதற்கு முன், "பின்னால் பிரேக் யார் போடுவது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.