60க்கு 15 குறைவு

தில்லியில் கட்டடக் கலை குறித்த எழுத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1957இல் பத்வந்த் சிங் 'டிசைன்' என்ற இதழைத் தொடங்கினார். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. 1959 மார்ச்சில் லலித் கலா அகாதமி கூட்டிய கட்டடக் கலைக் கருத்தரங்கை நேருவே தொடங்கி வைத்தார். விடுதலை பெற்ற நாடு எவ்வாறு கட்ட வேண்டும் என்று கட்டடக் கலைஞர்கள் அங்கே கூடி வாதிட்டார்கள். 1973இல் சட்டம் இயற்றித் தில்லி நகர்ப்புறக் கலை ஆணையம் அமைக்கப்பட்டதற்குப் பின்னால் பத்வந்த் சிங்கின் இடைவிடாத வலியுறுத்தலும் இருந்தது. எழுத்து ஆணையமாக உருமாறிய காலம் அது.

அந்நகரில்தான் 2017 ஏப்ரல் 23, ஞாயிறு இரவு, பிரகதி மைதானத்தின் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' இடிக்கப்பட்டது. அதைக் காக்கக் கோரி அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் தொடுத்த மனுவைத் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. திங்கள் விடிந்தபோது கான்கிரீட் குவியல் மட்டும் கிடந்தது. அதற்குப் பின் வந்த இரங்கல் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. பேராசிரியர்கள் எழுதினார்கள், தொழில்முறைக் கட்டடக் கலைஞர்கள் எழுதினார்கள், வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கண்டனம் தெரிவித்தன. அவற்றைத் தொகுத்து வாசிக்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். இவ்வளவு எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த நகரில், அக்கட்டடத்தின் விதியை முடிவு செய்த வாக்கியம் எது? அதை எழுதியவர் யார்?

அது மிகச் சிறிய வாக்கியம். 60 ஆண்டுகள் நிறைந்த கட்டடங்களையே பாரம்பரியக் கட்டடங்களாகக் கருதலாம் என்று பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வகுத்த வரையறை அது. விடுதலைக்குப் பின் எழுந்த 62 தில்லிக் கட்டடங்களைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்குமாறு இன்டாக் அமைப்பு 2013இலேயே கேட்டிருந்தது. ஹால் ஆஃப் நேஷன்ஸ் 1972இல், விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டில், 'ஆசியா 72' வணிகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. இடிபட்டபோது அதற்கு வயது 45. மணிவிழாவுக்கு இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன. நம்மவர்கள் அறுபதாம் கல்யாணத்தை ஆயுள் விருத்திக்காகச் செய்கிறார்கள். தில்லியிலோ அந்த வயதை எட்டினால்தான் ஆயுளே உறுதி.

மொழியியல் பயின்றோர் இவ்விடத்தில் சற்று நிற்பது நல்லது. வருணனை ஒருவகை எழுத்து, வரையறை வேறுவகை எழுத்து. வருணனைக்கு எல்லையில்லை, எத்தனை பெயரடை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். வரையறை உள்ளே, வெளியே என்று கோடு கிழிக்கிறது. தொன்மைச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 100 ஆண்டுகள் என்று கோடு கிழித்தது. தில்லிக் குழு 60 என்றது. கட்டடக் கலை எழுத்தாளர்கள் அரை நூற்றாண்டாக வருணனையில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். வரையறையை எழுதும் வேலை அலுவலகக் கோப்புகளுக்குப் போய்விட்டது.

அந்த எண்ணுக்கு உள்ளார்ந்த நியாயம் ஏதுமில்லை என்பதற்குச் சான்று தில்லிக்கு அருகிலேயே இருந்தது. 2016 ஜூலையில், இடிப்புக்கு ஒன்பது மாதங்களுக்கு முன், சண்டிகரின் தலைமைச் செயலக வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வளாகத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'திறந்த கை' நினைவுச் சின்னம் நிறுவப்பட்டது 1985இல்தான். ஹால் ஆஃப் நேஷன்ஸைவிட அது 13 ஆண்டுகள் இளையது. லெ கொர்பூசியேவின் பெயர் இருந்தால் வயது தடையில்லை. ராஜ் ரேவல், மகேந்திர ராஜ் என்ற பெயர்கள் இருந்தால் தடை. பட்டியலை இறுதி செய்தது வேறு அமைப்பு என்பது உண்மை. ஆனால் முன்மொழிந்த ஏழு நாடுகளுள் இந்திய அரசும் ஒன்று.

சொல்லையும் சற்றுப் பார்க்க வேண்டும். இந்தியில் 'தரோஹர்' என்பது பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும்; 'விராசத்' முன்னோரிடமிருந்து வழிவழி வந்த உரிமை. தமிழில் 'மரபு' இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர், ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்று அடுக்கிச் செல்லும் இயல் அது. மரபு அங்கே வயதைக் குறிக்கவில்லை, வழங்கி வருவதைக் குறிக்கிறது. ஒரு பெயர் பழையது என்பதாலன்று, பலரும் அவ்வாறே ஆள்கிறார்கள் என்பதாலேயே அது மரபாகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 45 வயதுக் கட்டடம் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எத்தனை தலைமுறை வந்தது? ஆண்டுதோறும் நவம்பரில் வணிகக் கண்காட்சிக்கென்று குடும்பத்தோடு பிரகதி மைதானம் போவது தில்லிவாசிகளின் வழக்கம். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இருந்த தமிழர்களும் தமிழ்நாட்டு அரங்கையும், புத்தகக் கண்காட்சி நாள்களில் தமிழ்ப் பதிப்பாளர்களின் கடைகளையும் தேடி அங்கே போனார்கள். (இப்போது அங்குள்ள மெட்ரோ நிலையத்தின் பெயர்கூடப் பிரகதி மைதானம் இல்லை, உச்சநீதிமன்றம்.)

கட்டடத்தைக் காக்க எழுதியவர்களில் பலர் வேறொரு வாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இது தேசத்தின் சின்னம், இளம் குடியரசின் தன்னம்பிக்கையின் வடிவம் என்றார்கள். பொய்யில்லை. ஆனால் அது எதிர்த்தரப்புக்கு மிக வசதியான வாதம். இன்றைய தேசத்துக்கு இன்றைய சின்னம் வேண்டும், உலகத் தரத்தில் மாநாட்டு மையம் வேண்டும் என்று அதே நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டினால் போதும். காட்டவும் செய்தார்கள். அவ்விடத்தில் எழுந்த பாரத் மண்டபம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. செப்டம்பரில் ஜி20 மாநாடு அங்கே நடந்தது.

சொல்லியிருக்க வேண்டிய கதை கான்கிரீட்டுக்குள் இருந்தது. 78 மீட்டர் அகலத்தை நடுவில் ஒரு தூணுமின்றி மூடுவதற்கு ஸ்பேஸ் ஃபிரேம் எனப்படும் முப்பரிமாணச் சட்டகமே ஏற்றது. உலகெங்கும் அதை எஃகுக் குழாய்களால் செய்தார்கள். 1970களின் தொடக்கத்து இந்தியாவில் அவ்வளவு எஃகு எளிதில் கிடைக்காது, கட்டுப்படியாகவும் ஆகாது. கிடைத்தவை சிமெண்டும் மனித உழைப்பும். எனவே பொறியாளர் மகேந்திர ராஜ் அதையே கான்கிரீட்டில், களத்திலேயே வார்க்கும்படி வடிவமைத்தார். வெவ்வேறு திசைகளிலிருந்து சாய்ந்து வரும் உறுப்புகள் ஒரு முடிச்சில் கூடும். அம்முடிச்சில் கம்பிகள் ஒன்றையொன்று இடிக்காமல் கட்ட வேண்டும், ஒவ்வொரு சாய்வுக்கும் சென்ட்ரிங் அடிக்க வேண்டும், சாரத்தின் மீது கலவையை ஏற்றிக் கையால் இட்டு நிரப்ப வேண்டும். கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் சித்தாள்களும் இதைச் செய்தார்கள். அச்சட்டகத்தின் ஆழமே வெயிலையும் தடுத்தது. நம் பழைய கல் சாளரங்கள் செய்த வேலையை முக்கோணங்கள் செய்தன. இவ்வகைக் கட்டுமானங்களில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. பழுதானால் மாற்றிக்கொள்ளும் பொருளாக இதைப் பார்க்க முடியாது. அந்தப் பொருளாதாரமும் அந்தத் தொழில்முறையும் திரும்பி வரப்போவதில்லை.

இதைச் சொல்லும் நூலும் வராமல் இல்லை. மகேந்திர ராஜின் வரைபடங்களைத் திரட்டிய 'தி ஸ்ட்ரக்சர்' 2016இல் ஜூரிக்கிலிருந்து வெளியானது, இடிப்புக்கு முந்தைய ஆண்டில். வழுவழுத்தாளில் அச்சிட்ட, ஆங்கிலத்திலான, விலை மிகுந்த நூல். மதன் மஹத்தா எடுத்த ஒளிப்படங்களும் இருந்தன. ராம் ரஹ்மான் 2012இல் அவற்றைத் தில்லியில் காட்சிக்கு வைத்தார். பிரகதி மைதானத்துக்கு அண்மையிலேயே திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளியும் இருக்கிறது. அறிந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கண்காட்சிக்கு வந்த கூட்டத்திடம், அதன் மொழிகளில், இக்கதை போய்ச் சேர்ந்ததற்கான தடயம் மிகக் குறைவு. தமிழில் நிலைமை இன்னும் மோசம். கோயில் விமானத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்திருக்கும் மொழியில், கான்கிரீட் கட்டடம் ஒன்றை 'பிரம்மாண்டம்' என்பதைத் தாண்டி வருணிக்கும் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ரவீந்திர பவனும் இந்தியா இண்டர்நேஷனல் சென்டரும் இப்போது 60ஐக் கடந்துவிட்டன. 1982 ஆசிய விளையாட்டுக்காக ரேவல் கட்டிய குடியிருப்பும், குல்தீப் சிங்கின் பாலிகா கேந்திராவும் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. 1982இல் இருபது வயதில் அங்கே கலவை சுமந்தவர் இன்று அறுபதுகளில் இருப்பார். அவர் எங்கிருந்து வந்தார், எவ்வளவு கூலி வாங்கினார், எந்தச் சொற்களால் அந்த வேலையை நினைவுகூர்கிறார் என்று கேட்டுப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழகங்களில் களப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இதைச் செய்ய ஒரு நகரப் பேருந்துச் சீட்டும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.