கூலிக்குப் பறித்த மலை, காசு கொடுத்துப் பறித்த தோட்டம்

ஐப்பசியில் மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மதுரையிலிருந்து வரும் ரயிலில் உசிலம்பட்டியில் ஏறிய ஐந்து பேர் போடிநாயக்கனூரில் இறங்கினார்கள். ஒரு விவசாயி, அவர் மனைவி, எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய அப்பத்தா. சுற்றுலா என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு வேறு ஒரு கணக்கும் மனதில் இருந்தது.

அவருக்கு இருப்பது ஒரு ஏக்கர் கொய்யா. காய்ப்பில் குறையில்லை. பறிப்புக் கூலி, பெட்டி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போனபின் கையில் நிற்பதுதான் குறைவு. கம்பம் பள்ளத்தாக்கில் சில திராட்சைத் தோட்டங்களில் தேக்கடிக்குப் போகும் குடும்பங்கள் இறங்கி, பந்தலுக்குள் சுற்றிப் பார்த்து, பழத்தைத் தோட்டத்திலேயே வாங்கிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வருகிறவர்களே பறித்து எடை போட்டுப் பணம் கொடுத்தால் தன் கொய்யாவுக்கும் அது ஆகுமா என்று நேரில் பார்த்துவிட வந்திருந்தார்.

அப்பத்தாவின் ஆசை வேறு. "திராட்சையெல்லாம் நாளைக்குப் பாப்போம்ப்பா. இன்னைக்கு என்னைய மெட்டுக்கு ஒருதடவ கூட்டிட்டுப் போ" என்றார். அவர் பிறந்தது போடியை ஒட்டிய சிலமலை. கல்யாணமாகி உசிலம்பட்டிப் பக்கம் போகும் வரைக்கும், போன பிறகு சில வருடங்களும், ஏலத் தோட்டத்தில் காய் எடுத்தவர்.

மெட்டு ஏறும் பாதை

போடியிலிருந்து முந்தல் வரை பாதை சமவெளிதான். இருபுறமும் மாந்தோப்புகள், இடையிடையே இலவ மரங்கள். மாம்பழக் காலம் சித்திரையில் தொடங்கி ஆனியோடு முடிந்துவிடும். இலவம் காய் வெடிப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் இரண்டும் சும்மா நிற்கும். கொட்டகுடி ஆற்றில் மட்டும் தண்ணீர் ஓடும்.

முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, நாலாயிரம் அடிக்கு மேல் போடிமெட்டைத் தொடுகிறது. மெட்டைத் தாண்டினால் கேரளம், இடுக்கி மாவட்டம். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. போடியிலிருந்து விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இன்றும் மேலே போகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன.

பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பத்தா வடக்கே கைகாட்டி, "அந்தப் பக்கம் கொரங்கணி" என்றார். குரங்கணிக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் கீழே கொட்டகுடிப் பக்கத்துக்கும் இடையே ஒரு காலத்தில் கம்பிவடம் ஓடியது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வடத்தில் தொங்கி இறங்கி, போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தது. போடிக்குச் சமவெளி ரயில் வந்தது 1928-இல். அந்த மீட்டர்கேஜ் பாதை 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. அப்பத்தா சிறுவயதில் பார்த்த ரயிலில் பேரப்பிள்ளைகள் இப்போதுதான் ஏற முடிந்திருக்கிறது.

காலைப் பார்த்து வை

மெட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில், தூரத்து உறவுக்காரர் கங்காணியாக இருக்கும் ஒரு தோட்டம். மர நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடிகள். பையன் உள்ளே ஓடப் பார்த்தான்.

"தம்பி, காலப் பாத்து வை. காய் மேல இல்ல, கீழ இருக்கு" என்றார் கங்காணி.

ஏலச்செடியில் இலையைப் பார்க்கிறவர்களுக்குக் காய் தெரியாது. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும். பூவும் பிஞ்சும் காயும் அதில்தான். ஒரு சரத்தை மிதித்துவிட்டால் இன்றைய காய் மட்டுமா போகும், அடுத்து வரவேண்டிய பூவும் போகும். ஒரே சரத்தில் எல்லாம் ஒன்றாக முற்றாது. அதனால் முப்பது, நாற்பது நாளுக்கு ஒருமுறை சுற்று வைத்து, முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். ஆடிக்குப் பிறகு தொடங்கும் இந்தச் சுற்றுகள் தை வரை போகும். ஐப்பசி நல்ல காய்ப்புக் காலம்.

பையன் குனிந்து நாலு காய் பறித்துக் கொடுத்தான். அப்பத்தா ஒன்றை நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே விதை வெள்ளையாக இருந்தது. "இது பிஞ்சுடா. காஞ்சா சுருங்கிப் போகும். விதை கருத்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தூரருகே குந்தினார். பேச்சு முடிவதற்குள் அவர் உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு காய் சேர்ந்திருந்தது. கங்காணி ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் கருப்பு.

"எத்தன வருஷமாச்சு ஆத்தா?"

"நாப்பது இருக்கும்யா. கை மறக்கல."

பிறகு அவராகவே பிள்ளைகளிடம் சொன்னார். விடியுமுன் எழுந்து கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்புவது, மழையில் தலைக்குச் சாக்கு போர்த்திக்கொள்வது, அட்டை கடித்த இடத்தில் புகையிலைத் தண்ணீர் தடவுவது, பிஞ்சு கலந்திருந்தால் கங்காணியிடம் பேச்சு வாங்குவது. சாயங்காலம் எடை போடும்போது தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பது. "ஒரு காய வாயில போட்டதில்ல. போட்டா திருட்டும்பாங்க" என்றார். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பத்தா மலையில் வேலை பார்த்தது அவளுக்குத் தெரியும். இதெல்லாம் தெரியாது.

பறித்த பச்சைக்காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போயாக வேண்டும். சூடேற்றிய அறையில் தட்டுகளில் பரப்பி, ஏறத்தாழ ஒரு நாள் பக்குவமாகக் காயவைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். நூறு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் இருபது கிலோ சொச்சம் தேறும். பிறகு போடியில் தரம் பிரிப்பு. அந்த வேலையிலும் பெண்கள்தான் அதிகம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை அடித்ததில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இரண்டே ஆண்டில் ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. விலை ஏறியபோது அவசரப்பட்டுப் புதிதாக நட்டவர்களுக்குக் காய் வரும்போது விலை இல்லை.

விவசாயி ஒன்றைக் குறித்துக்கொண்டார். ஏலம், வெளியாட்களைப் பறிக்க விடும் பயிர் அல்ல. பார்க்க விடலாம், நடக்கப் பாதை ஒதுக்கலாம். பறிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

பந்தலுக்குள்

இரவு சிலமலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போனார்கள். மேற்கே மலை கூடவே வரும் அருமையான சாலை. தேவாரத்தைக் கடக்கும்போது அப்பத்தா சாக்குலூத்து மெட்டுப் பாதையைக் காட்டினார். அந்த ஊர்க்காரர்கள் அதில் நடந்தே மலையேறி வேலைக்குப் போனவர்கள்.

உத்தமபாளையத்தைத் தாண்டினால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் செழித்த பள்ளத்தாக்கு இது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் திராட்சை தையிலிருந்து சித்திரை வரைதான். இங்கே ஒவ்வொருவர் ஒவ்வொரு நேரத்தில் கவாத்து செய்வதால் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் நாலு மாதத்தில் அறுவடை.

அவர்கள் இறங்கிய தோட்டத்தில் மூன்று குடும்பங்கள் முன்பே நின்றிருந்தன. தோட்டக்காரர் ஆளுக்கொரு கூடையும் சிறு கத்தரியும் கொடுத்தார். "கொத்தக் கையால இழுக்காதீங்க, கொடி கிழியும். காம்புல வெட்டுங்க. பழத்த அமுக்கிப் பாக்காதீங்க. இந்த நாலு வரிசைக்குள்ள மட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிறு கட்டிய மற்ற வரிசைகளைக் காட்டினார். "அங்க மருந்தடிச்சு இன்னும் நாள் ஆகல."

ஐப்பசி மழை திராட்சைக்காரருக்குக் கலக்கம் தரும் காலம். முற்றிய பழம் நீர் குடித்து வெடிக்கும், இலையில் அடிச்சாம்பல் நோய் இறங்கும், மருந்து அடிக்காமல் தீராது. மருந்தடித்தால் குறித்த இடைவெளி முடியும்வரை யாரையும் பறிக்க விடக்கூடாது. பறித்தவுடன் கழுவாமல் வாயில் போடும் பிள்ளைகள் வரும் தோட்டத்தில் இந்த ஒழுங்கு தவறினால் பிழைப்பு மட்டும் போகாது.

பையன் இரண்டு கொத்து வெட்டினான். மகள் அம்மாவைத் தூக்கச் சொல்லி உயரத்தில் ஒன்றை வெட்டினாள். திராட்சை பறித்தபின் பழுக்காது. புளிப்பைப் பறித்தால் புளிப்புதான். அதனால் தோட்டக்காரர் முதலில் ஒரு பழத்தைத் தின்று பார்க்கச் சொல்கிறார். தின்பதற்குக் காசு இல்லை.

அப்பத்தா வெகு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் கொத்தைக் கையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு, சிரித்தபடி எடை போடப் போனார். அப்பத்தா மகனிடம் கேட்டார்:

"பறிக்கிறதுக்கு இவங்களுக்குக் கூலி உண்டாப்பா?"

"இல்லத்தா. இவங்கதான் காசு குடுக்கணும்."

"நாங்க கூலிக்குப் பறிச்சோம். இவங்க காசு குடுத்துப் பறிக்கிறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "தின்னாலும் யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு ஒரு கத்தரி வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் போனார்.

கொய்யாவுக்குக் கணக்கு

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புரட்டாசி, ஐப்பசி வந்தால் குடும்பத்தோடு ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்ப் பறித்து வருவது பழைய வழக்கம். அங்கே அது இலையுதிர் காலம். பறிப்புக் கூலியும் வண்டிக் கூலியும் மிச்சமாகிறது, இடையில் ஆள் இல்லை என்பதே தோட்டக்காரருக்கு ஆதாயம். நம் பக்கத்தில் எந்தப் பழத்துக்கு இது பொருந்தும்?

மாமரத்தில் ஏற விடுவது ஆபத்து. கவாத்து செய்து ஆள் உயரத்தில் நிறுத்திய கொய்யாவைத் தரையில் நின்றே பறிக்கலாம். நிறம் மாறத் தொடங்கியது எது என்று காட்டிவிட்டால் பிள்ளைகளுக்கும் தெரியும். சற்று முன்னதாகப் பறித்தாலும் வீட்டில் பழுத்துக்கொள்ளும்.

உதாரணத்துக்கு, மண்டியில் கிலோ 25 ரூபாய், கடையில் 60 ரூபாய் என்று வைப்போம். தோட்டத்தில் 45-க்குக் கொடுத்தால் வருகிறவருக்கும் லாபம், விவசாயிக்கும் லாபம். ஆனால் ஞாயிறன்று 50 கிலோ போகும் என்றால் மீதிப் பழத்துக்கு மண்டியை விட முடியாது. தின்பதும் கீழே விழுவதும் கணக்கில் சேர வேண்டும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர், மின்மோட்டார் கம்பிக்கு மூடி, பெண்களுக்குக் கழிப்பிடம், குடிக்கவும் பழம் கழுவவும் தண்ணீர், எடைத் தராசு: இவை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. மருந்தடித்த தேதியை வரிசைக்கு வரிசை எழுதி வைப்பது எல்லாவற்றுக்கும் முதல்.

இடமும் முக்கியம். கம்பம் சாலையில் தேக்கடிக்குப் போகிறவர்களும், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிறவர்களும் தானாகவே வருகிறார்கள். ஊருக்குள் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அருகில் உள்ள பள்ளிக்கூடம், பக்கத்து ஊர் உறவு என்று தொடங்க வேண்டியிருக்கும். ஒரு ஏக்கரையும் திறக்காமல் இரண்டு வரிசையை மட்டும் ஒரு பருவம் விட்டுப் பார்க்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்தார்கள். "வர்றவங்களுக்கு எதப் பறிக்கணும்னு யாரு சொல்லிக் குடுப்பா?" என்று மனைவி கேட்டார். அதற்கு அப்போது பதில் இல்லை.

எடை போட்டபோது அப்பத்தாவின் கூடை தனியாக இருந்தது. ஒன்றே கால் கிலோ. ஒரு கொத்திலும் பச்சைப் பழம் இல்லை; காம்பு ஒரே அளவில் வெட்டியிருந்தது. தோட்டக்காரர் பார்த்துவிட்டு, "ஆத்தா தோட்ட வேலை பாத்தவங்களா?" என்றார். விவசாயி பணம் எடுக்கப் போனார். அப்பத்தா தடுத்து, சுருக்குப் பையைத் திறந்தார்.

"நான் பறிச்சதுக்கு நான் குடுக்குறேன்."

போகும் வழியெல்லாம் தராசு முள் எங்கே நின்றது என்று பேரனுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டும்போது மகள் அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "கொய்யாவுக்கு அப்பத்தாவையே நிக்கச் சொல்லலாம்ப்பா."