ஸுஹா

சப்தரிஷி மண்டலத்தின் வால் வளையுமிடத்தில், வசிஷ்டர் என்று நாம் சொல்லும் நட்சத்திரத்தின் அருகே, சந்திர பிம்பத்தின் குறுக்களவில் பாதிக்கும் குறைவான இடைவெளியில் ஒண்டிக்கொண்டிருக்கும் மங்கலான மீனை ஐரோப்பியர் அல்கோர் என்பார்கள். நாம் அருந்ததி என்போம். பழைய அராபியரோ அதற்கு ஸுஹா, அதாவது கவனிப்பாரற்றது, என்று பெயரிட்டார்கள். கற்புத் தெய்வத்துக்கு இப்படியும் ஒரு பெயரா என்று முகம் சுளிப்பவர்கள், நம் ஏழு ரிஷிகளில் நால்வரை அவர்கள் ஒரு பாடையாகவும், வாலிலுள்ள மூவரை அதன்பின் அழுது செல்லும் பெண்களாகவும் கண்டார்கள் என்பதை அறிந்தால் என்ன சொல்வார்களோ! நாம் கல்யாணத்தன்று தேடும் திசையில் அவர்களுக்குத் தென்பட்டது சவ ஊர்வலம்.

கி.பி. 964-ஐ ஒட்டி நட்சத்திரங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அல்-ஸூஃபி, ஜனங்கள் தங்கள் கண்பார்வையை ஸுஹாவைக் கொண்டு பரீட்சித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அருந்ததி தெரியாதவனுக்கு மரணம் சமீபித்துவிட்டதென்பது நம் சுசுருதரின் கட்சி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வடக்கே பார்க்கிற வயதை எட்டிவிட்ட எனக்கு, இவ்விஷயத்தில் அராபியரின் அபிப்பிராயமே உவப்பாக இருக்கிறது.

நுட்பமானதொன்றைச் சொல்லப் போனால் கேட்பவர் ஊரறிந்த சங்கதியையே நமக்குத் திருப்பிச் சொல்லும் அவஸ்தையை, ஸுஹாவைக் காட்டப் போனவனுக்குச் சந்திரனைக் காட்டினாளாம் ஒருத்தி என்ற கருத்துள்ள ஒரு பழமொழியால் அராபியர் நொந்துகொள்வார்கள். நம் வேதாந்திகளுக்கோ அந்த நோவு இல்லை. பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரத்தை முதலில் அருந்ததி என்றே காட்டி, பார்வை அங்கே நிலைத்தபின் அதைத் தள்ளிவிட்டு மெய்யான அருந்ததிக்குச் சீடனை அழைத்துச் செல்வதை ஒரு நியாயமாகவே வகுத்துவிட்டார்கள். பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரரும் அதை எடுத்தாள்கிறார். பொறுமையுள்ள வாத்தியார்கள்!

ஆனால் 1722 டிசம்பரில், ஜெர்மனியின் கீஸன் நகரத்துப் பேராசிரியர் லீப்க்நெக்ட் அதே இடத்தில் கண்டதற்கு எந்த நியாயமும் பழமொழியும் போதாது. வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் இடையே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு புள்ளியைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கண்ட அந்த மனிதர், அது நகர்வதாகவும் எண்ணிக்கொண்டு, புதிய கிரகமே அகப்பட்டுவிட்டதென்ற ஆனந்தத்தில், தம்மை ஆண்ட பிரபு லுட்விகின் பெயரைச் சூட்டி உலகுக்கு அறிவித்துவிட்டார். வியாழனின் துணைக்கோள்களைத் தம் பிரபு குடும்பத்துக்குச் சமர்ப்பணம் செய்த கலிலியோவுக்குக் கைகூடிய காரியம் நமக்கும் கைகூடாதா என்ற சபலம் அவருக்கு இருந்திருக்கலாம். நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்தாம், ஆனாலும் எஜமானனின் முகமலர்ச்சிக்கு ஏங்காத உத்தியோகஸ்தர் எந்தத் தேசத்தில் இருக்கிறார்? கிரகமென்று அவர் கொண்டாடியது, அவ்விரு நட்சத்திரங்களுக்கும் வெகு பின்னால் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு சாதாரண நட்சத்திரம். சந்திரனைக் காட்டிய அந்தப் பெண்ணாவது மெய்யாகவே ஆகாயத்தில் உள்ளதைக் காட்டினாள். இவரோ தம் ஊர் அரண்மனையையே காட்டினார்.

இதைச் சொல்லிச் சிரிக்க நமக்கும் அதிக யோக்கியதை இல்லை. பட்டப்பகல் பத்து மணி முகூர்த்தத்தில் புரோகிதர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விரலை நீட்ட, புகைப்படக்காரர் சொன்னபடி மோவாயை உயர்த்திக்கொண்டு, “தெரிகிறது” என்று ஒரே குரலில் சொல்லும் மணமக்களை எத்தனை பேரை ஆசீர்வதித்திருக்கிறேன்! தை மாதமென்றால் இரவிலும் பயனில்லை. மாதத் தொடக்கத்தில் அருந்ததி உதிக்கவே மணி பதினொன்றை நெருங்கிவிடும். ஆகையால் கல்யாணம் செய்துவைக்கும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் இது: முகூர்த்தம் எந்த மாதத்தில் அமைந்தாலும், வைகாசியில் நிலவில்லாத ஓர் இரவு எட்டு மணிக்குமேல் தம்பதிகளை மொட்டைமாடிக்கு அனுப்புங்கள், புகைப்படக்காரரைக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.