மிலானின் மௌன நாற்கரம்

மிலான் நகரின் சான் பாபிலா சதுக்கத்திலிருந்து பொடிநடையாகப் போனாலே சில நிமிடங்களில் சந்தடி அடங்கிவிடும். இந்த வட்டாரத்துக்கு 'மௌன நாற்கரம்' என்றே பெயர். செர்பெல்லோனித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சிற்பி அடோல்ஃபோ வில்ட் வடித்த வெண்கலக் காது இருக்கிறது. வந்தவர்கள் அதில் பேசித்தான் காவலாளிக்குத் தகவல் சொன்னார்கள். கப்புச்சினித் தெருவில் கம்பிவேலிக்குப் பின்னால் பூநாரைகள் உலாவுகின்றன. செல்வத்தைத் தெருப்பக்கம் காட்டாமல் தோட்டப்பக்கம் வைத்துக்கொண்ட வட்டாரம் இது. மொசார்ட் தெருவிலுள்ள நெக்கி காம்பிலியோ மாளிகையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதன் அலங்கார அறைகளைப் பலரும் வியக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்கு வடிவம் தந்தது தோட்டம் என்பதே என் துணிபு.

பாவியா நகரில் வார்ப்பிரும்பிலும் தையல் இயந்திரத்திலும் பொருள் சேர்த்த குடும்பம் நெக்கி. ஜிஜினா, நெத்தா என்ற சகோதரிகளுக்கும் ஜிஜினாவின் கணவர் ஆஞ்செலோ காம்பிலியோவுக்குமாக, கட்டடக் கலைஞர் பியெரோ போர்த்தலூப்பி 1932 முதல் 1935 வரை இதைக் கட்டினார். பழைய பிரபுக்களின் வில்லாக்கள் வயல்வெளி நடுவே நின்றவை. தொழில் குடும்பத்துக்கு நகரம் வேண்டும், பசுமையும் வேண்டும். எனவே நகர மையத்திலேயே மனையின் நடுவில் வீட்டை நிறுத்தி, சுற்றிலும் மரங்கள், டென்னிஸ் திடல், வெந்நீர் வசதியுள்ள நீச்சல்குளம் என்று அமைத்தார். மிலானின் குளிர்காலமோ மூடுபனிக் காலம். தோட்டத்தில் கால்வைக்க முடியாது. அதற்கு அவர் கண்ட வழிதான் கண்ணாடி வராந்தா. அகன்ற ஜன்னல்களில் இரட்டைக் கண்ணாடி, இரண்டுக்கும் இடையே செடிகள்! இரவில் அடைத்துக்கொள்ள ஜெர்மன் சில்வரில் நகரும் கதவுகள். லிஃப்ட்டையும் உள் தொலைபேசியையும் விட இந்த ஜன்னலே அந்த வீட்டின் உண்மையான புதுமை.

போருக்குப் பின் தொமாஸோ புட்ஸி பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணியில் சில அறைகளை மாற்றியதால் ஒருமை குலைந்தது என்பார்கள். வரவேற்பறையைப் பொறுத்தவரை அது சரியே. வராந்தாவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பாசிச ஆட்சிக் காலத்தில் சில செல்வர்கள் மதில் எழுப்பி ஒதுங்கிய இடத்தை ஏன் போற்ற வேண்டும் என்பது அது. போர்க்காலத்தில் பாசிசக் கட்சிச் செயலாளர் பவோலினியே இங்கு தங்கியிருந்தார். இதை மறைக்க முடியாது. ஆனால் வாரிசில்லாத அந்தக் குடும்பம் வீட்டை ஃபாய் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றது. 2001இல் வீடு கைமாறியது. 2008 முதல் வாசல் திறந்திருக்கிறது. மூவருக்கென வெட்டிய குளத்தின் கரையில் இன்று யார் வேண்டுமானாலும் காப்பி குடிக்கலாம்.