ஒன்பது நாட்களும் ஒன்றரை மணியும்

கட்டுநாயக்காவிலிருந்து மாலைதீவின் வேலானா விமான நிலையம் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 775 கிலோமீற்றர். பிரயாண நேரம் ஒன்றரை மணி எனக் கால அட்டவணையிற் கண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுவதும் பஸ் வண்டியில் உட்கார்ந்து கட்டுநாயக்கா வந்து சேர்ந்த நமக்கு இது வேடிக்கையாகவே பட்டது.

மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் விமானத்துக்கு ஒன்றரை மணி எதற்கு என மாணவர் கேட்கக்கூடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் அக்கணக்கினுள் அடங்கும். குறுகிய பிரயாணத்தில் இவையே பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. அன்றியும் மாலைதீவின் நேரம் நம்முடையதற்கு அரைமணி பிந்தியது. காலை 9 மணிக்குப் புறப்பட்டவர் அங்குள்ள கடிகாரப்படி 10 மணிக்கே இறங்குகிறார். திரும்பும்போது அதே தூரம் இரண்டு மணியாகிவிடுகிறது!

விமான நிலையம் ஹுல்ஹுலே என்னும் தீவில் உள்ளது. 1960இல் இரும்புத் தகடுகளைப் பரப்பி ஓடுபாதை அமைத்தனர். செம்மையான பாதை 1966இல் திறக்கப்பட்டது. சாளரத்தினூடே பார்க்கையில் நாற்புறமும் கடலே. மண்ணைக் காணுமுன் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிடுகின்றன. முன்னர் தோணியேறியே தலைநகர் மாலேக்குச் செல்லவேண்டும். 2018 முதல் பாலம் உண்டு.

இக்கடலை இபன் பதூதாவும் கடந்தார். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்கு மூன்று நாளிற் போய்விட எண்ணிப் புறப்பட்ட அவரது மரக்கலம், தேர்ந்த மாலுமி இன்மையால் ஒன்பது நாள் அலைந்து இலங்கைக் கரையை அடைந்தது. அங்கு அவரை உபசரித்தவர் நம் ஆரியச்சக்கரவர்த்தியே. பிற்காலத்தில் மாசிக்கருவாடு ஏற்றிய பாய்க்கப்பல்களும் இக்கடல் வழியாகவே வந்தன. சைவ உணவினராகிய நமக்கு அதனோடு உறவில்லை.

நாம் சென்றது உல்லாசத்துக்கன்று. இலங்கை ஆசிரியர் பலர் நெடுங்காலமாக மாலைதீவுப் பாடசாலைகளிற் கற்பித்து வருகின்றனர். நம் தம்பியும் தென்புறத்துத் தீவொன்றிற் கணிதம் கற்பிக்கிறான். அங்கிருந்து மாலேக்குப் படகிலேதான் வரவேண்டும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அன்னையார் காலமான செய்தி அவனுக்கு உடனே எட்டிவிட்டது. ஆயின் தென்மேற்குப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளித்து, மறுநாள் படகு புறப்படவில்லை. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பதே நம் வழக்கம். உறவினர் மாலைவரை காத்திருக்கலாம் என்றனர். காத்திருந்தும் பயனில்லை என்பதை உணர்ந்து நாமே வைத்தோம். மூன்றாம் நாள் அவன் வந்தபோது முற்றம் கூட்டிப் பந்தலும் பிரித்தாயிற்று. நம்மோடு அதிகம் பேசாமலே திரும்பிப் போனான்.

மாலேத் துறைமுகத்தில் இரண்டு மணி காத்திருந்தோம். படகிலிருந்து இறங்கி வந்தவன் நாம் கொண்டுசென்ற பனங்கட்டிப் பொதியையும் அன்னையாரின் படத்தையும் வாங்கிக்கொண்டான். தேநீர்க் கடையில் அமர்ந்தபின்பே அதைக் கேட்டான்.

"அண்ணா, அன்று எத்தனை மணிக்குக் கொள்ளி வைத்தீர்கள்?"

"பிற்பகல் இரண்டு மணியிருக்கும்."

"எங்கள் நேரம் ஒன்றரை. அப்பொழுது நான் பெட்டியோடு இறங்குதுறையில் நின்றேன். படகு கட்டியபடியே கிடந்தது."

நாம் அவனுக்கு இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னோம்.