லைன் போன மத்தியானம்

1917-இல் கட்டப்பட்ட ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு லிட்டில் இந்தியா பக்கம் நடந்தேன். ஜாலான் லகாட் முழுக்கப் பூமாலையும் ஊதுபத்தியும் மணந்தன. அதையும் மீறி வந்தது மீன்கறி வாசம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்குப் போனால் நீண்ட வரிசை. "லைன் போச்சு தம்பி, காசா இருக்கா?" என்றார் கல்லாவில் இருந்த அக்கா. எனக்கு முன்னால் நின்ற நான்கு இளைஞர்களிடம் சேர்த்துப் பார்த்தும் பத்து வெள்ளி தேறவில்லை. கியூஆர் ஸ்கேன் செய்கிறோம் என்றார்கள். "உங்க போன்ல போகும். என் போன்ல வந்துச்சான்னு பார்க்க முடியலையே!" என்றார் அக்கா. சமையலறையிலிருந்து அவர் மகன் ஓடி வந்தார். அவர் போனில் வேறு நிறுவனத்தின் சிம். அதில் ஹாட்ஸ்பாட் போட்டதும் மெஷினுக்கு உயிர் வந்தது, வரிசையும் நகர்ந்தது.

கார்டைத் தட்டியதும் மெஷின் வங்கியிடம் கேட்கிறது: இது திருட்டுக் கார்டா, பணம் இருக்கிறதா? லைன் இல்லையென்றால் பதில் சொல்ல ஆளில்லை. சில மெஷின்கள் கணக்கைச் சேமித்து வைத்து, லைன் வந்தபின் அனுப்பும். அதற்கு வங்கியின் அனுமதி வேண்டும். பிறகு வங்கி மறுத்துவிட்டால், பெரும்பாலும் நட்டம் கடைக்காரருக்குத்தான். சாப்பிட்டவர் அதற்குள் பினாங்கு போய்ச் சேர்ந்திருப்பார்!

இது ஈப்போவின் தலைவலி மட்டுமல்ல. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் இணைப்பு முடங்கியபோது, இன்டராக் டெபிட் சேவையே நாடு முழுக்க நின்றுபோனது. கடைகள் ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின.

மறுநாள் சுங்கை சிப்புட் பக்கம் போனேன். பால்மரம் நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை. லயத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர், தோட்டத்து மளிகைக் கடையைப் பற்றிச் சொன்னார். அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு. அரிசி, பருப்பு, நெத்திலி எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். "சம்பளம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி கடையிலேயே போயிடும் ஐயா," என்று சிரித்தார்.

அந்த நோட்டில் சுமையும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடைக்காரர் போட்ட கணக்கை நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், எந்த லயம் என்று தெரியும், சம்பள நாளும் தெரியும். கல்லாவில் இருந்த அக்காவுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்?

அவருக்குத் தெரிந்ததெல்லாம் மெஷின் சொல்வதுதான். அதனால் கடை வைத்திருப்பவர்கள் இரண்டாவது சிம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கட்டும். சாப்பிடப் போகும் நாம் பர்ஸில் ஓர் ஐம்பது வெள்ளித் தாளை மடித்து வைத்துக்கொள்வோம். லைன் போகும் நாளில், முன்பின் தெரியாத நம்மை நம்பி நட்டப்படும் நிலை அந்த அக்காவுக்கு வரவேண்டாம்.