பெஞ்சுக்குப் பணம் உண்டு

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கத்தில் பெரிய வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அதன் கூடத்திலும் திண்ணையிலும் மாலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். எட்டரை மணிக்குக் கலைவார்கள். இந்த இரண்டரை மணி நேரத்துக்கு மாலைப் பள்ளி என்று பெயர். இதை நடத்துவது பேட்டையைச் சேர்ந்த பதினொரு பேர் கூடிப் பதிவு செய்த ஒரு சிறு சங்கம். அச்சங்கத்துக்குக் காரியதரிசியாக நாம் இருந்து வருகிறோம். வேறு தகுதி எதையும் உத்தேசித்து நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர் கணக்கு எழுதட்டும் என்று முடிவாயிற்று, அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு வரும் அன்பர்கள் கடற்கரைச் சாலையையும், பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மஞ்சள் சுவர்களையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நகரத்தின் வட கோடியில் இருக்கும் எங்கள் பேட்டைக்கு வர அவர்களுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. தறி நெய்தவர்களின் பேட்டை இது. கிழக்கே போனால் வைத்திக்குப்பமும் சோலை நகரும். அங்கே வலையும் படகும். வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும், அது தமிழ்நாடு. மேற்கே இருக்கும் குயில் தோப்பை மட்டும் தமிழன்பர்கள் விசாரித்துக்கொண்டு வருவதுண்டு. 1908 முதல் 1918 வரையில் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் குயிற் பாட்டுக்குக் களமாகக் கொண்டது அந்த மாந்தோப்பைத்தான் என்பார்கள். தோப்புக்கு உரியவர் முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார். பாரதியாரின் அத்யந்த அன்பர். மரத்தடியில் இந்த மாதம் எத்தனை அடி பாடினீர், அதனால் பயனடைந்தோர் எத்தனை பேர், புகைப்படம் இணைத்திருக்கிறீரா என்று செட்டியார் அறிக்கை கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் குயில் என்ன பாடியிருக்குமோ!

இந்த நினைவு நமக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஜனவரியில் மாலைப் பள்ளிக்கு ஒரு கஷ்டம் வந்தது. பள்ளியின் செலவு பெரிதல்ல. வீட்டு வாடகை நாலாயிரம். மின்சாரம் ஐந்நூறு, அறுநூறு. டீச்சருக்கு மாதம் ஐயாயிரம். கடைவீதியில் பத்துப் பன்னிரண்டு கடைகளும், பேட்டையை விட்டு வெளியூர் போய்ச் சம்பாதிக்கும் சில பிள்ளைகளும் கொடுப்பதை வைத்துக்கொண்டு எட்டு வருஷங்களாகச் சமாளித்து வந்தோம். டீச்சரோ எங்கள் தெருப் பெண். அவருடைய தகப்பனார் ஆலைத் தொழிலாளி. புதுச்சேரியின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் 2020-இல் ஏ.எப்.டி. ஆலையும் மூடப்பட்ட கதையைப் பேட்டையில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். அந்த வீட்டுக்கு இந்தப் பெண்ணின் வருமானந்தான் ஆதாரம். ஜனவரியில் லாசுப்பேட்டைப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்று பதினோராயிரம் தருவதாக அவரைக் கூப்பிட்டது. "ஜூன் மாதம் சேரச் சொல்லியிருக்காங்க சார், அதுவரைக்கும் இங்கே வருவேன்" என்று டீச்சர் தலை குனிந்து சொன்னார். போகாதே என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? ஆனால் அவர் போனால் பள்ளி இல்லை. ஏழாம் வகுப்பு வரையில் வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது வெட்கப்படாத விதத்தில் 'அ'னாவிலிருந்து ஆரம்பிக்கிற பொறுமை எல்லோருக்கும் வராது. நமக்கு வரவில்லை, ஒரு வாரம் முயன்று பார்த்தே சொல்லுகிறோம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய அறக்கட்டளை ஒன்று, உள்ளூர்ச் சேவா சங்கங்களுக்கு மானியம் தருவதாக அறிவித்திருப்பதை ஒரு நண்பர் சொன்னார். நாம் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். இருபத்திரண்டு பக்கம். "தங்கள் தலையீட்டினால் விளையக்கூடிய மாற்றத்தின் கோட்பாடு யாது?" என்பது மூன்றாவது கேள்வி. கணபதி வாத்தியார் என்று பேட்டையில் அழைக்கப்படும் பெரியவரிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுதப் படிக்க வரும்; இதற்குக் கோட்பாடு என்னத்துக்கு?" என்றார். அதையே எழுதினோம். 'மாநிலம்' என்ற இடத்தில் இன்னொரு சங்கடம். அந்த அறக்கட்டளை அவ்வருஷம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே மானியம் ஒதுக்கியிருந்தது. நம் பிள்ளைகளில் ஒன்பது பேர் கோட்டக்குப்பத்திலிருந்து வருகிறவர்கள், அவர்கள் தமிழ்நாட்டார். மற்ற இருபத்தொன்பது பேர் புதுச்சேரியார். ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நடுவே எல்லைக் கோடு கிழிப்பது எப்படி என்று விசாரித்துக் கடிதம் எழுதினோம். அந்தச் சங்கடத்தை அவர்கள் பெருந்தன்மையோடு தீர்த்து வைத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச்சு மாதம் ஓர் இளைஞர் பார்வையிட வந்தார். மிகவும் மரியாதையானவர். செருப்பைச் சந்திலேயே கழற்றிவிட்டு வந்து, பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருந்தார். டீச்சர் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம். பிறகு திண்ணைக்கு வந்து சொன்னார்: "ரொம்ப நல்ல வேலை சார். பன்னிரண்டு பெஞ்சு, ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பெரிய பலகை இவற்றுக்கு நாங்கள் ஏற்பாடு செய்ய முடியும். வாடகை, சம்பளம் இரண்டும் நிர்வாகச் செலவு. அதற்குக் கொடுக்க எங்களுக்கு வழியில்லை."

நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக் கொண்டோம். பெஞ்சுக்குப் பணம் உண்டு. பெஞ்சில் உட்காருகிறவனுக்குப் பாடம் சொல்பவருக்கு இல்லை.

அந்த இளைஞர்மீது குற்றம் இல்லை. கொடுப்பவர்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்படி, ஒரு வருஷத்தில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காணும் கம்பெனி, கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கொடுக்கும் கம்பெனி தன் நிர்வாகத்துக்கு அதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எழுதக்கூடாது. வாங்கும் வெளிச் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டப் பதிவும், மூன்று வருஷ அநுபவமும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணமென்றால் கெடுபிடி இன்னும் அதிகம். 2020-இல் செய்த திருத்தத்தால் நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைந்தது. பணம் பெறும் பெரிய ஸ்தாபனம் அதில் ஒரு காசைக்கூட இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்றும் ஏற்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பட்டணத்துப் பெரிய ஸ்தாபனம் பெற்று, பேட்டைச் சங்கங்களுக்குப் பங்கிடுவது வழக்கம். அந்த வாய்க்கால் அடைபட்டது. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டியதுதான். தர்மப் பணத்தைத் தின்றவர்கள் நம் நாட்டில் இல்லையென்று யார் சொன்னார்கள்?

தர்மம் கொடுத்தவன் மனசிலிருந்து புறப்பட்டு, வாங்குகிறவன் கைக்கு வந்து சேரும் பாதை எப்பொழுதுமே கரடுமுரடானதுதான். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். தம் ஐசுவரியத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்த வள்ளல். வழக்குகளும் வியாஜ்யங்களும் முடிந்து, நீதிமன்றம் தலையிட்டு, மிஞ்சிய பணத்தில் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தபோது வருஷம் 1842. நாற்பத்தெட்டு வருஷம்! புதுச்சேரியிலேயே ஒருவரைச் சொல்லலாம். மிஷன் வீதியில் இருக்கும் கல்வே கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் அதை ஏதோ பிரெஞ்சுப் பிரபுவின் பெயரென்று நினைப்பார்கள். கலவை சுப்பராயச் செட்டியார் என்ற தமிழருடைய பெயர்தான் பிரெஞ்சு நாவில் அப்படிக் கல்வே ஆயிற்று. பாரதிதாசன் படித்த இடம் அது. அங்கே அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களுக்கும் மாதாமாதம் யாரோ சம்பளம் கொடுத்திருக்கத்தானே வேண்டும்?

பார்வையாளர் போன மறுநாள் சங்கம் கூடியது. கூட்டம் கொஞ்சம் காரமாகவே நடந்தது. வருகிற லட்சுமியை வேண்டாமென்று சொல்வதா என்று ஒரு கட்சி; டீச்சர் இல்லாத பள்ளியில் ஐந்து கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பூஜை போடுவதா என்று இன்னொரு கட்சி. சோலை நகரிலிருந்து வரும் மீனவ நண்பர் ஒருவர் அதுவரையில் வாய் திறக்காமல் இருந்தார். 2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்த கதையை எடுத்தார். "அப்போ கொடுக்க வந்தவங்க எல்லாரும் படகுதான் கொடுத்தாங்க சார். படகிலே பேரு எழுதலாம் இல்லையா? மீன் கூடை தூக்குற பொம்பளைங்களுக்குக் கைமுதல் வேணும்னு கேட்டோம். கூடையிலே எங்கே பேரு எழுதறது?" என்றார். கூட்டத்தில் சத்தம் அடங்கிற்று.

கணபதி வாத்தியார் வேறொரு யோசனை சொன்னார். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலத்து முருகன் முதல் சுற்று வட்டாரத்துத் தெய்வங்களெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, வருகிற கூட்டத்துக்கு அன்னதானமும் நீர்மோரும் எந்த அறக்கட்டளையும் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு கொடுப்பதில்தான் நடக்கிறது. விருதுநகரில் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலையை மகமைப் பணமும், வீடுதோறும் உலையில் அரிசி போடும்போது எடுத்து வைத்த பிடி அரிசியுந்தான் வளர்த்தன; காமராஜர் அங்கே படித்த பிள்ளை. "நாமும் பிடி அரிசி எடுத்தால் என்ன?" என்றார் வாத்தியார். இப்போது பேட்டையில் ரேஷன் அரிசியைக் கூட்டி விற்று ஐயாயிரம் சேர்ப்பதெப்படி என்று நமக்குச் சந்தேகம். அரிசிக்குப் பதில் வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் என்று தீர்மானமாயிற்று. முதல் மாதம் நூற்றுப் பதினேழு வீடுகள் கொடுத்தன. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பாதிச் சம்பளம்கூட ஆகவில்லை.

ஆகவே அறக்கட்டளைக்கு மறுபடியும் எழுதுவது தவிர வேறு வழியில்லை. கெஞ்சி எழுதுவதில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, நாம் மூன்று நாள் சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். நாம் தேடியது அகப்பட்டது. வெளிநாட்டுப் பணத்துக்கான 2011-ஆம் வருஷத்து விதிகள்தான் இந்த விஷயத்தில் எல்லாவற்றிலும் கண்டிப்பானவை. அவையே, ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளமும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று ஐந்தாவது விதியில் வெளிப்படையாகச் சொல்கின்றன. கம்பெனிச் சட்டத்து விதிகளும் ஒரு திட்டத்தை நேரே நடத்துவதற்கு ஆகும் செலவை நிர்வாகச் செலவென்று கருதுவதில்லை. "தாங்கள் மனமகிழ்ந்து பார்த்தது டீச்சர் பாடம் சொன்னதையே, பெஞ்சு அன்று அங்கே இல்லை. தாங்கள் கண்டு மகிழ்ந்த அந்தக் காரியத்துக்கே பணம் கேட்கிறோம். கம்ப்யூட்டர் வேண்டாம்" என்று எழுதி, விதியின் நகலையும் இணைத்து அனுப்பினோம். நூற்றுப் பதினேழு வீடுகளின் கணக்கையும் கூடவே வைத்தோம். அது கணபதி வாத்தியாரின் யோசனை.

ஏப்ரல் கழிந்தது. டீச்சர் தினமும் வந்தார். நாம் அவரை ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் உட்காரும் ஒரு பையன், வைத்திக்குப்பத்துப் பிள்ளை, அந்த மாதந்தான் முதன்முதலாக ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தான். வாசித்து முடித்துவிட்டு, இன்னொரு பக்கமும் வாசிக்கட்டுமா என்று கேட்டான். எட்டரை மணி அடித்து வெகு நேரம் ஆகியும் அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மே மாதம் இருபதாம் தேதி பதில் வந்தது. டீச்சருக்கு மாதம் எட்டாயிரம், இரண்டு வருஷத்துக்கு. வாடகைக்கு இல்லை. கம்ப்யூட்டர் ரத்து. பெஞ்சு மட்டும் ஏற்கெனவே செய்யச் சொல்லியாகிவிட்டதால் தயவு செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கண்டிருந்தது. கடிதத்தின் அடியில் அந்த இளைஞர் தம் கைப்பட, 'விதியை எங்களுக்குக் காட்டியதற்கு நன்றி. இனி மற்றச் சங்கங்களுக்கும் இது பயன்படும்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை நாம் டீச்சரிடம் காட்டினோம்.

எட்டாயிரம், பதினோராயிரம் ஆகாது. டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு லாசுப்பேட்டைக்குப் போய்க் காலையில் அரை நாள் மட்டும் வேலை பார்க்க இணக்கம் பேசி வந்தார். மாலை ஆறு மணி எங்களுக்கு. வீட்டுக்கு இருபது ரூபாய் வசூல் நிற்கவில்லை; அதிலும் கடைக்காரர்கள் கொடுப்பதிலும் வாடகை போக மிஞ்சுவதைத் தபாலாபீசில் போட்டு வருகிறோம். இரண்டு வருஷம் என்பது வெகு சீக்கிரத்தில் தீர்ந்துபோகிற சமாசாரம்.

பெஞ்சுகள் ஜூன் மாதம் லாரியில் வந்து இறங்கின. வாசற்படி குறுகலானது, ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. இரண்டு திண்ணையில் கிடக்கின்றன. மற்றப் பத்தைப் பேட்டைக் கோவில் மண்டபத்தில் போட்டு வைத்திருக்கிறோம். அறக்கட்டளையின் பெயர் பொறித்த தகடு நன்றாகவே தெரிகிறது. மாலை வேளையில் தறிவேலை ஓய்ந்த பெரியவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு பத்திரிகை வாசிக்கிறார்கள்.